இங்கிலாந்தின் அகழி வீடுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கிலாந்தின் கிழக்குப் பக்கத்தில் வயலோரமாக நடந்தால் ஒரு காட்சி திரும்பத் திரும்பக் கண்ணில் படும். சதுரமாக ஓடும் ஒரு பள்ளம், அதில் பாதி தண்ணீரும் பாதி நாணலும், நடுவே ஒரு மேடு. சில இடங்களில் மேட்டின்மேல் இன்னும் வீடு இருக்கிறது. பல இடங்களில் வெறும் புல்தான். எழுநூறு வருடங்களுக்கு முன் யாரோ ஒருவர் தன் வீட்டைச் சுற்றி அகழி வெட்டிய இடம் அது. இதைப் பற்றிப் பேச்செடுத்தாலே வரும் சந்தேகங்களை, கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

அகழின்னா கோட்டைக்குத்தானே? சாதாரண வீட்டுக்கு எதுக்கு அகழி?

முதல் சந்தேகம் எப்போதும் இதுதான். அகழி என்றதும் மதில், கொத்தளம், முற்றுகை எல்லாம் நினைவுக்கு வந்துவிடுகிறது. ஆனால் இங்கிலாந்தில் அகழி சூழ்ந்த இடங்களில் மிகப் பெரும்பாலானவை கோட்டைகளே அல்ல. அவை குடும்பம் வாழ்ந்த வீடுகள். ஒரு ஊரின் நிலவுடைமையாளர் இருந்த மேனர் வீடு, வசதியான விவசாயியின் பண்ணைவீடு, சில இடங்களில் மடாலயம் அல்லது பாதிரியாரின் இல்லம். மதில் கிடையாது, கோபுரம் கிடையாது. மரச்சட்டமும் மண்பூச்சும் வைக்கோல் கூரையுமான வீட்டைச் சுற்றித் தண்ணீர், அவ்வளவுதான்.

எதற்கு என்பதற்கு ஒற்றைக் காரணம் இல்லை. அந்தஸ்து, பாதுகாப்பு, வடிகால், மீன், ஆடுமாடுகளுக்குத் தண்ணீர் எல்லாம் சேர்ந்த கலவை அது. கீழே ஒவ்வொன்றாக வருகிறது.

மொத்தம் எத்தனை இருக்கு? எங்கெல்லாம் இருக்கு?

இங்கிலாந்தில் மட்டும் சுமார் 6,000 இடங்கள் அடையாளம் காணப்பட்டுள்ளன. நாடு முழுக்கச் சீராகப் பரவியிருக்கவில்லை. எசெக்ஸ், சஃபோக், நார்ஃபோக், கேம்பிரிட்ஜ்ஷயர் ஆகிய கிழக்கு மாவட்டங்களிலும், மத்தியப் பகுதியில் வாரிக்ஷயர், வுஸ்டர்ஷயர் பக்கங்களிலும் நெருக்கமாக இருக்கின்றன. எசெக்ஸிலும் சஃபோக்கிலும் தலா சில நூறு தேறும். வடக்கே மலைப்பக்கம் போனால் அரிதாகிவிடும். தென்மேற்கு மூலையான கார்ன்வாலிலும் அப்படியே.

ஏன் அந்த மாவட்டங்கள்ல மட்டும் இவ்வளவு?

மண்தான் முதல் காரணம். சுமார் நாலரை லட்சம் ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தில், பெரும் பனிப்பாளங்கள் வடக்கிலிருந்து நகர்ந்து வந்து கிழக்கு இங்கிலாந்தின் மேல் கனமான களிமண்ணைப் படியவிட்டுப் போயின. அந்தக் களிமண்ணில் பள்ளம் வெட்டினால் தண்ணீர் அப்படியே நிற்கும். ஓடை வேண்டாம், ஊற்று வேண்டாம், மழைத்தண்ணீர் போதும். சுண்ணாம்புப் பாறை உள்ள குன்றுகளில் அதே பள்ளத்தை வெட்டினால் தண்ணீர் கீழே இறங்கிவிடும்.

இரண்டாவது காரணம் குடியேற்ற முறை. ஒரே இடத்தில் நெருங்கிய தெருக்களாக அமைந்த ஊரில், வீட்டைச் சுற்றி அகழி வெட்ட இடம் ஏது? கிழக்கு மாவட்டங்களிலும், வாரிக்ஷயரின் ஆர்டன் காட்டுப்பகுதியிலும் பண்ணைகள் ஒன்றுக்கொன்று தள்ளித் தனித்தனியாக இருந்தன. காட்டை அழித்துப் புதிதாக வயலாக்கிய சுதந்திரக் குடியானவர்கள் அங்கே அதிகம். அவர்களுக்குச் சொந்த நிலமும் இருந்தது, பண்ணையார் உத்தரவு இல்லாமல் முடிவெடுக்கும் உரிமையும் இருந்தது.

எந்தக் காலத்துல வெட்டினாங்க?

பன்னிரண்டாம் நூற்றாண்டிலிருந்தே அங்கொன்றும் இங்கொன்றுமாக உண்டு. ஆனால் உச்சம் 1250 முதல் 1350 வரையிலான நூறு வருடங்கள். அப்போது இங்கிலாந்தில் ஜனத்தொகை பெருகி, நிலத்துக்குத் தட்டுப்பாடு வந்து, தானியம் நல்ல விலை போயிற்று. விற்க விளைச்சல் வைத்திருந்தவன் கையில் காசு சேர்ந்தது. நிலமில்லாதவர்கள் குறைந்த கூலிக்கு வேலைக்கு வந்தார்கள். 1315 முதல் 1317 வரை பெரும் பஞ்சம் வேறு. பணக்கார விவசாயி அகழி வெட்டிக்கொண்டதும், பக்கத்துக் குடிசைக்காரன் அரைவயிறாகக் கிடந்ததும் ஒரே பொருளாதாரத்தின் இரண்டு முகங்கள். அழகான படங்களைப் பார்க்கும்போது இதை மறந்துவிடக் கூடாது என்று நினைக்கிறேன்.

பாதுகாப்புக்கு இல்லைன்னா, வெறும் பந்தாவுக்கா?

பந்தா என்று ஒதுக்கினால் பாதி உண்மை போய்விடும். அந்தக் காலத்தில் அரசரும் பிரபுக்களும் தண்ணீர் சூழ்ந்த கோட்டைகளில் இருந்தார்கள். அதைப் பார்த்துச் சிறு நிலவுடைமையாளர்களும், அவர்களைப் பார்த்து வசதியான குடியானவர்களும் செய்தார்கள். நம்மூரில் புது வீடு கட்டுபவர் தெருவைப் பார்த்து ஆளுயர கேட் வைப்பதில் என்ன எண்ணம் இருக்கிறதோ, அதுதான் இங்கேயும். பல இடங்களில் சாலையைப் பார்த்த பக்கத்து அகழி மட்டும் அகலமாக இருக்கும், பின்பக்கம் குறுகலாக இருக்கும். மூன்று பக்கம் மட்டுமே அகழி உள்ள இடங்களும் உண்டு. படையெடுப்புக்குப் பயந்தவன் நாலாவது பக்கத்தைத் திறந்து விடுவானா?

அதேசமயம் திருட்டுப் பயம் உண்மையானது. பதினான்காம் நூற்றாண்டின் முதல் பாதியில் ஆயுதக் கும்பல்கள் கிராமப்புறங்களில் சுற்றின. லெஸ்டர்ஷயரைச் சேர்ந்த ஃபோல்வில் சகோதரர்களின் கும்பல் 1326-ல் ரோஜர் பெல்லர்ஸ் என்ற கருவூல நீதிபதியையே கொன்றது. 1332-ல் ரிச்சர்ட் வில்லோபி என்ற இன்னொரு நீதிபதியைக் கடத்திப் பணம் பறித்தார்கள். ஆறேழு மீட்டர் அகலத் தண்ணீர் ஒரு படையை நிறுத்தாது. ராத்திரி மாட்டை ஓட்டிக்கொண்டு போக வருபவனை நிறுத்தும். மாடு நீந்தலாம், ஆனால் சத்தமில்லாமல் நீந்தாது.

அகழி வெட்ட ராஜா அனுமதி வேணுமா?

பல்வரிசை போன்ற மேல்விளிம்புள்ள மதிலும் கோட்டை அமைப்பும் கட்டுவதற்குத்தான் அரசரிடம் அனுமதிப் பத்திரம் வாங்கும் வழக்கம் இருந்தது. ஷ்ராப்ஷயரில் ஸ்டோக்சே என்ற வீட்டைக் கட்டிய லட்லோ ஊர் லாரன்ஸ் 1291-ல் அப்படி ஒரு பத்திரம் வாங்கினார். அவர் பிரபு அல்ல, கம்பளி வியாபாரி. ஆனால் நாட்டின் பெரும் பணக்காரர்களில் ஒருவர். 1294-ல் கம்பளிக் கப்பலோடு கடலில் மூழ்கி இறந்துபோனார். நார்ஃபோக்கின் ஆக்ஸ்பரோ ஹால் 1482-ல் எட்மண்ட் பெடிங்ஃபெல்ட் வாங்கிய அனுமதியோடு எழுந்தது.

அந்தப் பத்திரமும் ஒருவகையில் கௌரவச் சான்றிதழ்தான். ஆனால் சுற்றிப் பள்ளம் வெட்டித் தண்ணீர் நிறுத்திய ஆயிரக்கணக்கான சாதாரண வீடுகளுக்கு எந்தப் பத்திரமும் இல்லை.

இவ்வளவு பெரிய பள்ளத்தை யார் வெட்டினது? எவ்வளவு நாள் ஆகியிருக்கும்?

கையால்தான். இரும்பு விளிம்பு பொருத்திய மரமண்வெட்டி, கூடை, தள்ளுவண்டி. ஒரு தோராயக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நடுமேடை 50 மீட்டருக்கு 50 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம், அதாவது அரை ஏக்கருக்குச் சற்று மேல். அகழி மேலே 8 மீட்டர் அகலம், அடியில் 4 மீட்டர், ஆழம் 2 மீட்டர். சுற்றளவு 230 மீட்டர் வரும். தோண்ட வேண்டிய மண் ஏறக்குறைய 2,800 கன மீட்டர். ஈரக் களிமண்ணை வெட்டி மேலேற்ற ஆளுக்கு ஒரு நாளில் 2 கன மீட்டர் என்றால் 1,400 ஆள்நாள். இருபது பேர் சேர்ந்தால் எழுபது நாள்.

சின்ன வேலை இல்லை, ஆனால் கோட்டை கட்டுவதோடு ஒப்பிட்டால் அற்பச் செலவு. கொத்தன் வேண்டாம், கல் வேண்டாம், சுண்ணாம்பு வேண்டாம். அதனால்தான் ஒரு நல்ல விவசாயியின் கைக்கு இது எட்டியது.

தோண்டின மண்ணை என்ன பண்ணினாங்க?

பெரும்பாலும் நடுமேடையின்மேல் பரப்பினார்கள். கனமான களிமண் நிலத்தில் மழைக்காலம் முழுக்கச் சேறுதான். மேடையை அரை மீட்டர் உயர்த்தி, சுற்றியுள்ள பள்ளத்தில் ஈரம் வடியவிட்டால் வீட்டுத் தரை காய்ந்து நிற்கும். முதல் பதிலில் சொன்ன வடிகால் பயன் இதுதான். மிச்ச மண்ணை வெளிக்கரையில் வரப்பாகப் போட்டிருப்பார்கள். இன்றும் சில இடங்களில் அந்தக் கரை தெரியும்.

அகழியில முதலை விட்டிருப்பாங்களா?

சங்கப் பாடல் படித்தவர்கள் இதைக் கேட்காமல் விடுவதில்லை. இங்கிலாந்துக் குளிரில் முதலை ஒரு பனிக்காலம் தாங்காது. இருந்தது மீன். பைக் என்ற கூர்ப்பல் மீன், பிரீம், டென்ச், விலாங்கு. கார்ப் எனப்படும் கெண்டை வகை பதினைந்தாம் நூற்றாண்டுக்குப் பிறகே அங்கே பரவலாயிற்று.

மீன் வெறும் ருசிக்காக அல்ல. வெள்ளிக்கிழமைகளிலும், ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் முழுவதிலும் இறைச்சி கூடாது என்று திருச்சபை விதித்திருந்தது. கடலிலிருந்து தள்ளியிருக்கும் ஊரில் உப்புக் கருவாடே கதி. வீட்டு வாசலிலேயே உயிர்மீன் பிடிப்பது வசதியான வீட்டின் அடையாளம். பல அகழிகளுக்குப் பக்கத்தில் மீன் வளர்க்கவே தனிக் குட்டைகள் வெட்டி, மதகு வைத்து இணைத்திருப்பார்கள்.

கழிப்பறைத் தண்ணி அதே அகழிக்குத்தான் போச்சாமே? நாறாதா?

போயிற்று. மாடிச் சுவரில் தள்ளிக் கட்டிய கழிப்பறையிலிருந்து நேராக அகழிக்குள் விழும் அமைப்பு பல வீடுகளில் இருந்தது. ஓடை நீர் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறும் அகழியென்றால் பரவாயில்லை. மழைநீர் மட்டும் தேங்கும் அகழியென்றால் கோடையில் நாற்றம் இருந்திருக்கும். குடிக்கக் கிணறு தனியாக இருந்தது. அவ்வப்போது அகழியைத் தூர்வாரி, அந்தக் கரிய சேற்றை வயலுக்கு உரமாகப் போட்டார்கள். ஒன்றும் வீணாகவில்லை.

மேட்டுமேல வீடு மட்டும்தானா? வேற என்ன இருந்தது?

நடுவில் உயர்ந்த கூரையுள்ள பெரிய கூடம். அதன் தரையில் திறந்த அடுப்பு, புகை கூரைவழியே போகும். கூடத்தின் ஒரு முனையில் குடும்பத்தாரின் அறைகள், மறுமுனையில் உணவுப்பொருள் அறைகள். சமையற்கட்டு பெரும்பாலும் தனிக் கட்டடம், தீப்பிடிக்கும் பயத்தால். கொஞ்சம் பெரிய இடமானால் சிற்றாலயம், புறாக்கூடு, தானியக் களஞ்சியம். மாட்டுத்தொழுவமும் வைக்கோற்போரும் பல இடங்களில் வெளியிலோ, பக்கத்தில் வெட்டிய இரண்டாவது தீவிலோ இருந்தன.

நுழைய மரப்பாலம். இழுத்துத் தூக்கும் பாலம் அரிது. சஃபோக்கின் ஹெல்மிங்கம் ஹாலில் இன்றும் தூக்குபாலங்கள் உண்டு. 1510 முதல் ஒவ்வொரு இரவும் அவற்றைத் தூக்கிவிடுவதாக அந்த வீட்டின் மரபு சொல்கிறது.

சில தீவுகள்ல கட்டடம் இருந்த தடயமே இல்லையாமே. அப்ப எதுக்கு வெட்டினாங்க?

நல்ல கேள்வி. சில தீவுகள் பழத்தோட்டத்துக்கும் மூலிகை, காய்கறித் தோட்டத்துக்கும் வெட்டியவை. மான், முயல், பக்கத்து வீட்டு ஆடு எதுவும் உள்ளே வராது. ஆனால் தடயம் இல்லை என்பதாலேயே வீடு இல்லை என்று சொல்லிவிட முடியாது. தரையில் கிடத்திய மரச்சட்டத்தின்மேல் எழுப்பிய வீட்டைப் பிரித்து எடுத்துப் போய்விட்டால் மண்ணில் குழிகூட மிஞ்சாது. நல்ல ஓக் மரத்தை யாரும் விட்டுவிட்டுப் போவதில்லை.

ஒரு அகழியோட வயசை எப்படிக் கண்டுபிடிக்கிறாங்க?

இங்கேதான் சிக்கல். தூர்வாரினார்கள் என்று சொன்னேன் அல்லவா, ஒவ்வொரு தடவையும் அடிச்சேற்றோடு பழைய தடயமும் வெளியே போய்விட்டது. அதனால் இன்று அகழியின் அடியில் கிடைப்பது பெரும்பாலும் கடைசியாகத் தூர்வாரியதற்குப் பிந்தைய பொருள். வெட்டிய காலத்தை அது சொல்லாது.

நம்பகமான தடயம் நடுமேடையின் அடியில் இருக்கிறது. மேலே பரப்பிய மண்ணுக்குக் கீழே புதைந்த பழைய தரையில் கிடக்கும் பானை ஓடுகள் அகழிக்கு முந்தியவை. மேலே உள்ள தரையில் கிடப்பவை பிந்தியவை. இரண்டுக்கும் நடுவில்தான் அகழி வெட்டிய காலம். தண்ணீருக்குள் காற்றுப் படாமல் கிடந்த பாலத்தூண் கிடைத்தால் இன்னும் நல்லது. மரத்தின் ஆண்டு வளையங்களை எண்ணி, வெட்டிய வருடத்தையே சில சமயம் சொல்லிவிடலாம். தோல் செருப்பு, மரக்கிண்ணம், விதை, மகரந்தம் எல்லாம் அந்த ஈரச் சேற்றில் பிழைத்திருக்கும். காய்ந்த மண்ணில் இவை எதுவும் மிஞ்சாது. அதனால்தான் தண்ணீர் வற்றாத அகழி ஆய்வாளர்களுக்குப் பெரிய சொத்து.

அப்புறம் ஏன் கைவிட்டாங்க?

1348-49-ல் வந்த கொள்ளைநோய் நாட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மக்களைக் கொண்டுபோயிற்று. ஆள் குறைந்ததும் கூலி ஏறியது, தானிய விலை பிறகு இறங்கியது. களிமண் வயல்களில் கொஞ்சநஞ்சம் லாபம் பார்த்த பண்ணைகள் தாக்குப்பிடிக்கவில்லை. நிலங்கள் கைமாறி ஒன்று சேர்ந்தன, பல தீவுகள் காலியாயின.

முழுக்க நின்றுவிடவில்லை. மேலே சொன்ன ஆக்ஸ்பரோவும், செஷயரின் லிட்டில் மோர்ட்டன் ஹாலும் அதற்குப் பிந்தியவைதான். பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளில் ரசனை மாறியது. தேங்கிய தண்ணீர் உடம்புக்கு ஆகாது என்ற எண்ணமும், திறந்த புல்வெளித் தோட்ட ஆசையும் சேர்ந்து பல அகழிகளை மூடின. இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு டிராக்டரும் புல்டோசரும் செய்த அழிவு அதைவிட மோசம். எழுநூறு வருடம் நின்ற பள்ளத்தை ஒரு வாரத்தில் நிரப்பி உழுதுவிட்டார்கள்.

பாதிரியார்கள் அகழிக்குள்ள ஒளிஞ்ச கதை உண்மையா?

உண்மை, ஆனால் அகழி அதற்காக வெட்டப்பட்டதல்ல. கத்தோலிக்க வழிபாடு தடைசெய்யப்பட்டிருந்த காலம் அது. 1591 அக்டோபரில் ஹென்றி கார்னெட் உள்ளிட்ட இயேசு சபைப் பாதிரியார்கள் கூடியிருந்த வீட்டை அரசாங்க ஆட்கள் விடியற்காலையில் சூழ்ந்தார்கள். அந்த வீடு வாரிக்ஷயரின் பேட்ஸ்லி கிளின்டன் என்றே பொதுவாகக் கருதப்படுகிறது. அவர்கள் ஒளிந்தது நிலத்தடியில், கழிவுநீர்ச் சுரங்கத்தில். கணுக்கால் தண்ணீரில் சுமார் நாலு மணி நேரம் அசையாமல் நின்றார்கள். தேடியவர்கள் வெறுங்கையோடு போனார்கள்.

எசெக்ஸ்ல ஒரு அகழிப் பண்ணையில கொலை நடந்ததாமே?

கிளேவரிங் ஊரருகே உள்ள மோட் ஃபார்ம். சாமுவேல் டூகல் என்பவன் கமில் ஹாலண்ட் என்ற வசதியான பெண்மணியை 1899-ல் அங்கே அழைத்து வந்து கொன்றான். பிறகு அவர் பணத்திலேயே நாலு வருடம் வாழ்ந்தான். 1903-ல் போலீஸார் அகழியைத்தான் முதலில் வடித்துத் தேடினார்கள். உடல் கிடைத்தது அகழியில் அல்ல, பண்ணையில் மூடப்பட்டிருந்த ஒரு வடிகால் வாய்க்காலில். அதே வருடம் ஜூலையில் அவனைத் தூக்கிலிட்டார்கள்.

போய்ப் பார்க்கணும்னா எங்கே போகலாம்?

ஒரே ஒரு இடம் என்றால் கென்ட்டின் ஐட்டம் மோட். 1320-களில் தொடங்கிய வீடு, நாலு பக்கமும் சுவர் தண்ணீரிலிருந்தே எழும்பும். 1953-ல் அதை வாங்கிக் காப்பாற்றிய சார்லஸ் ஹென்றி ராபின்சன் என்ற அமெரிக்கர் 1985-ல் பாரம்பரிய இடங்களைக் காக்கும் தொண்டு அமைப்பான நேஷனல் டிரஸ்டுக்கு விட்டுச் சென்றார். முற்றத்தில் ஒரு செயின்ட் பெர்னார்ட் நாய்க்குக் கட்டிய பெரிய கூண்டு இருக்கிறது. அதுவும் முதல் தரப் பாரம்பரியச் சின்னம். குழந்தைகளுக்கு நிச்சயம் பிடிக்கும். பேட்ஸ்லி கிளின்டன், ஆக்ஸ்பரோ, லிட்டில் மோர்ட்டன் ஆகியவையும் நேஷனல் டிரஸ்ட் வசமே.

ஆனால் இவை பணக்கார வீடுகள், பிற்காலத்தில் பலமுறை மாற்றிக் கட்டியவை. அசல் இடைக்கால வடிவத்தை உணர கார்ன்வாலின் பென்ஹாலம் போங்கள். கட்டணம் இல்லை. காட்டுப் பள்ளத்தாக்கில் முற்றத்தைச் சுற்றி நாலு வரிசைக் கட்டடங்களின் அடித்தளம் மட்டும் புல்லில் தெரியும். மேலே பிற்காலத்தார் எதுவும் கட்டவில்லை. கூடம் எது, சமையற்கட்டு எது, பாலம் எங்கே இறங்கியது என்று நடந்தே படிக்கலாம். என் தேர்வு இதுதான்.

வயல்ல இருக்கிற வெறும் மேட்டை எப்படி அடையாளம் காண்பது? அது குட்டையா, அகழியா?

மூலையைப் பாருங்கள். குட்டைக்கு மூலை இருக்காது, அகழி நேராக ஓடித் திரும்பும். கோடையில் தண்ணீர் வற்றியிருந்தாலும் பள்ளத்தில் மட்டும் நாணலும் கோரையும் அடர்ந்திருக்கும். வீடு இருந்த மேட்டில் காஞ்சொறி தழைத்திருக்கும். மனிதரும் மாடும் வாழ்ந்த மண்ணில் சேர்ந்த சத்து அதற்குப் பிடிக்கும். ஒரு பக்கத்தில் பள்ளம் தடைப்பட்டு மண்பாதை போனால் அது நுழைவாயில். சில இடங்களில் அது பழைய மரப்பாலத்தின் இடத்தில் பின்னால் போட்ட மண்கரை.

வீட்டிலிருந்தே தேடலாம். பிரிட்டனின் அரசு வரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் வரைபடத்தில் தொல்லிடங்களின் பெயரைப் பழைய காலத்துக் கோதிக் எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். விமானத்திலிருந்து லேசரால் நில மேடுபள்ளத்தை அளந்த லைடார் படங்களும் இங்கிலாந்துக்கு இலவசமாகவே கிடைக்கின்றன. உழுது மூடிய அகழியும் அதில் மெல்லிய சதுரமாகத் தெரியும்.

மெட்டல் டிடெக்டர் எடுத்துட்டுப் போலாமா? அப்படியே ஒண்ணை வாங்கிக் குடியேறலாமா?

பல அகழி இடங்கள் 1979-ம் ஆண்டுச் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட தொல்சின்னங்கள். அங்கே அனுமதியில்லாமல் மெட்டல் டிடெக்டர் பயன்படுத்துவது குற்றம், நில உரிமையாளர் சரி என்றாலும் குற்றம்தான். பெரும்பாலானவை தனியார் வயலில் இருக்கின்றன. பொதுப்பாதையிலிருந்து பாருங்கள், பயிரில் இறங்காதீர்கள்.

வாங்கலாம். எத்தனையோ குடும்பங்கள் இன்றும் அகழிக்குள் வாழ்கின்றன. ஆனால் பாதுகாக்கப்பட்ட சின்னமென்றால் தூர்வாரக்கூட முன்அனுமதி வேண்டும். பெரிய கொண்டை நியூட் என்ற நீர்ப்பல்லி அங்கே குடியிருந்தால் அதற்கும் தனிச் சட்டப் பாதுகாப்பு உண்டு. வேலை தொடங்கும் முன் இரண்டையும் விசாரித்துவிடுங்கள்.

லைடார்ல பட்டியல்ல இல்லாத ஒரு சதுரத்தைப் பார்த்துட்டேன். யார்கிட்ட சொல்றது?

முதலில் பழைய வரைபடங்களோடு ஒப்பிடுங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டுச் செங்கல் சூளைக் குழியும், உலகப்போர்க் காலப் பள்ளங்களும் சில சமயம் ஏமாற்றும். அப்படியும் அகழி என்றே தோன்றினால், அந்த மாவட்டத்தின் வரலாற்றுச் சூழல் பதிவேட்டு அலுவலகத்துக்கு எழுதுங்கள். ஒவ்வொரு பகுதிக்கும் அப்படி ஒரு பதிவேடு இருக்கிறது. வரைபட ஆயத்தொலைவு எண், லைடார் படம், பொதுப்பாதையிலிருந்து எடுத்த ஓரிரு புகைப்படம் போதும். எந்த மாதம் எடுத்தது என்றும் குறிப்பிடுங்கள், ஏனென்றால் பிப்ரவரியில் தண்ணீர் நிற்கும் பள்ளம் ஆகஸ்டில் வெறும் தரையாகத் தெரியும்.